கேம் ஷாஃப்ட்டை மாற்றினால் வேறு எவற்றை மாற்றவேண்டும்?

நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுழல்வதற்குள் தான் ஒரே முறை சுழன்று, ஒவ்வொரு வால்வும் எப்போது திறக்கவேண்டும், எவ்வளவு திறக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்ற மூன்றையும் தன் உடலின் வடிவத்தாலேயே நிச்சயித்துவிடும் உறுப்பு கேம் ஷாஃப்ட். ஸ்போர்ட்ஸ் காரின் சக்தியைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் அதன்மேல் கண் வைப்பதில் ஆச்சரியம் இல்லை. ஒரு தண்டை உருவி எடுத்து வேறொன்றைச் செருகிய மாத்திரத்தில் எஞ்சினின் சுபாவமே மாறிவிடுகிறது. எவ்வளவு பெரிய கேம் தகும், அதற்குத் துணையாக எந்தெந்த உறுப்புகள் மாறவேண்டும் என்பதுதான் கடினமான கேள்வி. ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக அதற்கு விடைகள் வந்துகொண்டிருக்கின்றன; கேம் அரைப்பவர் ஒன்று சொல்ல, ஹெட் கடைபவர் ஒன்று சொல்ல, ஸ்பிரிங்கை அறிந்தவர் வேறொன்று சொல்ல, ஒவ்வொருவரும் தத்தம் பட்டறையின் ஜன்னல் வழியாகவே எஞ்சினைப் பார்த்து வந்திருக்கிறார்கள்.

இவ்விடைகளை உரசிப் பார்க்க ஒரு கல் வேண்டும். 2008 முதல் 2013 வரை ஷெவர்லே கார்வெட்டில் வந்த எல்.எஸ்.3 எஞ்சினை இக்கட்டுரை அதற்காக எடுத்துக்கொள்கிறது. 6.2 லிட்டர் வி-8. நிமிஷத்துக்கு 5,900 சுற்றில் 430 குதிரைசக்தி. 6,600-ஐத் தொட்டதும் கணினி வேகத்தைத் தடுத்துவிடும். எட்டு சிலிண்டருக்கும் கேம் ஒன்றே. அது பிளாக்கின் நடுவே படுத்துக்கொண்டு, லிஃப்டர், புஷ் ராடு, ராக்கர் ஆர்ம் என்ற சங்கிலி வழியாகப் பதினாறு வால்வுகளையும் அசைக்கிறது. கேம் மாற்றுவோரின் ஆசைகளும் பிழைகளும் இந்த எஞ்சினில் ஏராளமாகப் பரீட்சிக்கப்பட்டுவிட்டன என்பதே இதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

கேள்வியின் பிறப்பு

தொடக்க கால எஞ்சின்களில் இன்லெட் வால்வுக்குக் கேமே கிடையாது. பிஸ்டன் கீழிறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலே ஒரு மெல்லிய ஸ்பிரிங்கை மீறி வால்வைத் திறந்தது. மேபாக் வடிவமைத்த 1901-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் போன்ற யந்திரங்களில் இன்லெட் வால்வையும் கேமே திறக்கத் தொடங்கிய பிறகுதான், திறக்கும் வேளையை மனிதன் தீர்மானிக்கலாம் என்ற சுதந்திரமும், எந்த வேளை நல்ல வேளை என்ற சங்கடமும் ஒன்றாகப் பிறந்தன.

அச்சங்கடத்தைத் தொழிலாக்கியவர்கள் தெற்குக் கலிபோர்னியாவில் தோன்றினார்கள். எட் வின்ஃபீல்ட் கார்புரேட்டரோடு கேமும் செய்து கொடுத்தார். 1932-இல் ஃபோர்டின் மலிவான வி-8 வந்த பிறகு, மியூரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் பரீட்சை நடத்திய இளைஞர்களுக்குக் கேம் அரைப்பது ஒரு வியாபாரமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வின்ஃபீல்டின் வழியில் வந்த எட் இஸ்கெண்டேரியன் அதைப் பெரிய தொழிலாக்கினார். அக்காலத்தில் கேமை ‘முக்கால் ரேஸ்’, ‘முழு ரேஸ்’ என்று பின்னக் கணக்கில் விற்றார்கள். எதில் முக்கால் என்று கேட்டால் விடை சொல்லுவார் இல்லை. இன்றைய விளம்பரங்களில் கேம்களுக்கு இடப்படும் பயங்கரப் பெயர்களைப் பார்க்கும்போது, அந்தப் பின்னங்களாவது பரவாயில்லை என்று தோன்றுகிறது.

ஸ்போர்ட்ஸ் காரில் இக்கலைக்குக் கௌரவம் தேடித் தந்தவர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ். 1956 ஜனவரியில், தாம் வகுத்த கேம் பொருத்திய கார்வெட்டை டேடோனா கடற்கரையில் மணிக்கு 150 மைலுக்குச் சற்று மேலான வேகத்தில் அவர் ஓட்டிக் காட்டினார். அதன் பிறகு அந்தக் கேமை எவரும் ஷெவர்லே கடையில் உதிரிப் பாகமாக வாங்க முடிந்தது. பாக எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களான 097 அதன் பெயராகவே நிலைத்துவிட்டது.

கேமை விவரிக்கும் எண்கள்

கேமின் தகுதியைச் சொல்ல மூன்று எண்கள் வழங்குகின்றன. வால்வு தன் இருக்கையிலிருந்து எழும் உயரம் லிஃப்ட். அது திறந்திருக்கும் காலம் கிராங்கின் டிகிரியில் அளக்கப்படுகிறது; தொடக்கச் சரிவு ஒவ்வொருவர் கேமிலும் ஒவ்வொரு விதமாதலால், லிஃப்டர் 0.050 அங்குலம் எழுந்தது முதல் மறுபடி அதே உயரத்துக்கு இறங்குவது வரை அளப்பதே அமெரிக்க வழக்கமாகிவிட்டது. வால்வை எழுப்பும் கேமின் மேட்டுக்கு லோப் என்று பெயர்; இன்லெட் லோபின் நடுக்கோட்டுக்கும் எக்ஸாஸ்ட் லோபின் நடுக்கோட்டுக்கும் இடையேயுள்ள கோணம் மூன்றாவது. அதை இங்கே இடைக்கோணம் என்போம்.

எல்.எஸ்.3 கம்பெனிக் கேமின் எண்கள், இன்லெட்டுக்கு 204 டிகிரி, எக்ஸாஸ்ட்டுக்கு 211, இன்லெட் லிஃப்ட் 0.551 அங்குலம், இடைக்கோணம் 117. இவற்றிலிருந்து, இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லேப்பைக் கணக்கிட்டால் விடை பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரிக்கு மேல் போகிறது; அதாவது 0.050 அங்குல அளவில் பார்த்தால் ஒரு வால்வு மூடி வெகு நேரம் கழித்தே மற்றது திறக்கிறது. சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் 228, 236 டிகிரியும் 113 இடைக்கோணமும் கொண்ட கேமில் அதே கணக்கு 6 டிகிரி ஓவர்லேப் தருகிறது. சிக்னலில் நிற்கும் காரின் எஞ்சின் சீராக முணுமுணுப்பதற்கும் குதிரை குளம்பு மாற்றுவதுபோல் தடுமாறுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த 32 டிகிரியில் அடங்கியிருக்கிறது.

டிகிரியை நீட்டுவோர்

பழமையான கட்சி, வால்வை நீண்ட நேரம் திறந்து வைக்கச் சொல்லும் கட்சி. உயர்ந்த வேகத்தில் காற்றுக்கு உந்தம் மிகுதியாதலால், பிஸ்டன் கீழ்முனையைத் தாண்டி மேலே திரும்பிய பின்னும் அது உள்ளே பாய்ந்துகொண்டிருக்கும். ஆகவே இன்லெட் வால்வைத் தாமதமாக மூடினால் சிலிண்டர் நன்றாக நிறையும் என்பது இவர்கள் பிரமாணம். அது உண்மையே, ஆனால் மேல் வேகத்துக்கு மட்டும் உண்மை. 2,000 சுற்றில் காற்றுக்கு அந்த உந்தம் கிடையாது. தாமதமாக மூடும் வால்வின் வழியே ஏறிவரும் பிஸ்டன் உள்ளே வந்ததையே வெளியே தள்ளிவிடுகிறது. நடுக்கோட்டை நகர்த்தாமல் 24 டிகிரி கூட்டினால் மூடும் நேரம் 12 டிகிரி தள்ளிப்போகிறது. கம்ப்ரெஷன் விகிதம் கடுதாசியில் எவ்வளவாக இருந்தாலும், அழுத்தம் தொடங்குவது அந்த 12 டிகிரிக்குப் பிறகுதான்.

இக்கட்சியின் பெரிய பலவீனம் சாட்சியத்தில் இருக்கிறது. டைனோவில் எடுத்த உச்சக் குதிரைசக்தி ஒன்றையே அவர்கள் காட்டுகிறார்கள். அந்த உச்சத்தில் ரஸ்தாக் கார் ஒன்று தன் ஆயுளில் எத்தனை நிமிஷம் ஓடும் என்பதை ஒருவரும் சொல்வதில்லை.

ஹெட்டே பிரதானம் என்போர்

எம்.ஐ.டி. பேராசிரியர் சார்ல்ஸ் ஃபேயட் டெய்லர் வழி வந்தவர்கள் கேள்வியையே திருப்பிப் போடுகிறார்கள். பிஸ்டன் பரப்பை வால்வுப் பரப்பால் வகுத்து, சராசரிப் பிஸ்டன் வேகத்தால் பெருக்கி, சராசரி ஒழுக்குக் குணகத்தாலும் ஒலியின் வேகத்தாலும் வகுத்தால் வரும் எண், ஏறக்குறைய 0.6-ஐத் தாண்டியதும் சிலிண்டர் நிறையும் தகுதி விரைந்து சரிகிறது என்பது அவர்களுடைய பரிசோதனை முடிவு. எல்.எஸ்.3-இன் சிலிண்டர் விட்டம் 4.065 அங்குலம், இன்லெட் வால்வு 2.165 அங்குலம்; 6,600 சுற்றில் சராசரிப் பிஸ்டன் வேகம் விநாடிக்குச் சுமார் 20 மீட்டர். ஒழுக்குக் குணகத்தை 0.35 என்று வைத்துக்கொண்டால் விடை 0.6-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. குணகம் நாம் அநுமானித்ததே ஆனாலும், வேகத்தடை வைத்த இடம் இந்த வரம்பின் வாசலிலேயே இருப்பது கவனிக்கத்தக்கது.

இதிலிருந்து இரண்டு நியாயங்கள் பிறக்கின்றன. வால்வும் ஹெட்டும் விடாத காற்றைக் கேம் வரவழைக்க முடியாது என்பது ஒன்று. சராசரிக் குணகம் வால்வு எவ்வளவு எழுகிறது, எவ்வளவு நேரம் எழுந்து நிற்கிறது என்பதைப் பொறுத்ததாதலால், ஹெட் தாராளமாக இருந்து கேம் மட்டும் கஞ்சத்தனமாக இருந்தால் கேம் மாற்றமே பெரும்பலன் தரும் என்பது மற்றொன்று. எல்.எஸ்.3 இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஹெட்டைத் தொடாமல் கேமை மட்டும் மாற்றுவோர் அதில் திருப்தி அடைவதன் ரகசியம் இதுவே. இவர்களுடைய குறை, சீரான ஒழுக்கை அளக்கும் பெஞ்சு, துடிப்புத் துடிப்பாய்ச் செல்லும் காற்றின் கதையைப் பாதிதான் சொல்லும் என்பது.

இடைக்கோண வழக்கு

விவாதங்களில் மிகச் சூடானது இது. கம்பெனி எஞ்சினியர்கள் 117 போன்ற அகன்ற கோணத்தை விரும்புகிறார்கள். ஐடிலிங் சீராகும், புகை குறையும், பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் கிடைக்கும். டேவிட் விஸார்ட் என்ற எழுத்தாளர் இதற்கு நேர் எதிர். ஒரு சிலிண்டரின் கன அங்குலத்தை இன்லெட் வால்வின் விட்டத்தால் வகுத்து, 0.91-ஆல் பெருக்கி, 128-இலிருந்து கழித்தால் தகுந்த கோணம் வரும் என்பது அவருடைய சூத்திரம். எல்.எஸ்.3-க்குப் போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 108 வருகிறது. கம்பெனிக்கும் அவருக்கும் ஒன்பது டிகிரி வித்தியாசம்!

குறுகிய கோணத்தார் வெறும் பிடிவாதக்காரர்கள் அல்லர். டிகிரியைக் கூட்டாமல் கோணத்தை மட்டும் குறுக்கி, அந்த அளவுக்கு இன்லெட்டை முன்னே தள்ளினால், இன்லெட் வால்வு முன்னதாக மூடுகிறது. கீழ் வேகத்தில் இழந்த அழுத்தம் ஓரளவு திரும்புகிறது. ஓவர்லேப்பின்போது எக்ஸாஸ்ட் குழாயில் ஓடும் குறையழுத்த அலை புதுக் காற்றை இழுத்துக் கொடுக்கவும் செய்கிறது. ஆனால் அந்த அலை வேளைக்கு வந்து சேர, குழாய் தக்க நீளத்தில் இருக்கவேண்டும். கம்பெனியின் குட்டையான வார்ப்பு மேனிஃபோல்டை வைத்துக்கொண்டு 108-க்கு ஆசைப்படுவது பந்தியில் இலை போடாமல் உட்காருவது போன்றது. மேலும் அச்சூத்திரம் பழைய ஸ்மால் பிளாக் ஷெவர்லே வகையை மனத்தில் வைத்து உண்டானது. இரண்டு கட்சியும் தத்தம் எஞ்சினுக்கு உண்மையையே பேசுகின்றன என்று கொள்வதே பொருத்தம். கம்பெனி புகைச் சட்டத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது, விஸார்டுக்கு அந்தக் கவலை இல்லை.

ஸ்பிரிங்கிலிருந்து தொடங்குவோர்

துணை உறுப்புகளைப் பற்றிய உண்மையான விசாரணை இங்கேதான் தொடங்குகிறது; முன் சொன்ன கட்சிகள் இதைப் பெரும்பாலும் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட்டன.

கிராங்க் 6,600 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 55 முறை திறந்து மூடுகிறது. திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். லோபின் முதுகைத் தாண்டியதும் லிஃப்டர் அதைவிட்டு விலகாமல் பின்தொடரவேண்டும். விலகினால் வால்வு தன் இஷ்டத்துக்கு விழுந்து இருக்கையில் மோதி எகிறும். ஸ்பிரிங்குக்கும் தனக்கென்று ஒரு துடிப்பு உண்டு. கேமின் தாளம் அதோடு இசைந்துவிட்டால் சுருள்களுக்குள்ளேயே அலை எழுந்து, கடுதாசியில் கணக்குப் போட்ட பலம் இருந்தும் பயன்படாமல் போகிறது. மேலே குறுகிய தேன்கூட்டு வடிவ ஸ்பிரிங் இரண்டு விதத்தில் உதவுகிறது: ஸ்பிரிங்கின் தலையைப் பிடிக்கும் ரிடெய்னரின் எடையைக் குறைக்கிறது, துடிப்பைச் சிதறடிக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றான இரட்டை ஸ்பிரிங்கை விரும்புவோர் சொல்லும் காரணம் வேறு. ஒற்றை ஸ்பிரிங் முறிந்தால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்து எஞ்சினே நாசமாகும், இரட்டையில் மற்றது தாங்கிக்கொள்ளும். இந்தக் காரணமே வலியது என்பது இக்கட்டுரையின் அபிப்பிராயம். எதுவானாலும் முழு லிஃப்ட்டில் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் ஏறக்குறைய 0.060 அங்குலம் மிச்சம் இருக்கவேண்டும்.

ஹெட்டைக் கழற்றாமலே ஸ்பிரிங் மாற்றலாம். அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை மேல்முனைக்குக் கொண்டுவந்து நிறுத்தியோ, ஸ்பார்க் பிளக் துவாரத்தின் வழியே அமுக்கக் காற்றை நிரப்பியோ வால்வைக் கீழே விழாமல் தாங்கிக்கொண்டு, ஸ்பிரிங்கை அமுக்கி, இரண்டு சின்னஞ்சிறு பூட்டுகளை எடுக்கிறார்கள். கேமை உருவுவதிலும் எல்.எஸ். வகைக்கு ஒரு விசேஷம் உண்டு. ராக்கரையும் புஷ் ராடையும் எடுத்துவிட்டுக் கேமை இரண்டு சுற்றுச் சுற்றினால், பதினாறு லிஃப்டரும் மேலே எழும்பித் தங்கள் பிளாஸ்டிக் தட்டுகளின் பிடியில் தொங்கி நிற்கும். கேம் முன்புறமாக வழுக்கி வெளியே வந்துவிடும். தட்டு பழையதாகிப் பிடி தளர்ந்திருந்தால் ஒரு லிஃப்டர் நழுவிக் கீழே போகும்; பிறகு ஹெட்டையோ ஆயில் பேனையோ கழற்றாமல் தீராது. வெகுதூரம் ஓடிய எஞ்சினில் ஹெட்டைக் கழற்றி லிஃப்டரையும் தட்டையும் புதுப்பிப்பதே உசிதம் என்பாரின் வாதத்துக்கு இதுவே ஆதாரம். ஓட்டம் குறைந்த எஞ்சினில் அது வீண் செலவு என்பாரையும் முற்றிலும் மறுக்க முடியாது.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளியைப் பற்றித் தவறான எண்ணம் ஒன்று பரவியிருக்கிறது: லிஃப்ட் கூடினால் மோதும் என்பது. லிஃப்ட் உச்சத்தில் இருக்கும்போது பிஸ்டன் வெகு கீழே இருக்கிறது. இரண்டும் நெருங்குவது மேல்முனையின் இருபுறத்திலும், எக்ஸாஸ்ட் மூடப்போகும் வேளையிலும் இன்லெட் திறந்த சற்றைக்கெல்லாமும் ஆகும். ஆகவே டிகிரியும் இடைக்கோணமும் கேம் பொருத்தும் நிலையுமே அபாயத்தை நிர்ணயிக்கின்றன, எல்.எஸ்.3-இன் பிஸ்டன் தலையிலோ வால்வுக்கென்று ஆழமான குழி இல்லை. பழைய முறை, பிஸ்டன் தலையில் களிமண் அப்பி, வால்வில் எண்ணெய் தடவி, அளவெடுப்பதற்கென்று கெட்டியான லிஃப்டரைப் போட்டு, கையால் கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றி, ஹெட்டைத் தூக்கிக் களிமண்ணைப் பிளேடால் குறுக்கே வெட்டி அளப்பது. ஹைட்ராலிக் லிஃப்டரோடு இதைச் செய்தால் லிஃப்டர் அமுங்கிப் பொய்க் கணக்குச் சொல்லும். இன்லெட்டுக்கு 0.080, எக்ஸாஸ்ட்டுக்கு 0.100 அங்குலம் இருந்தால் போதும் என்பது வழக்கமான வரம்பு.

மற்றவற்றைச் சுருக்கிச் சொல்லலாம். கேமின் அடிவட்டம் மாறினால் புஷ் ராடின் நீளமும் மாறவேண்டும். கம்பெனி நீளம் சுமார் 7.4 அங்குலம் என்று நம்பி வாங்காமல் அளந்தே வாங்கவேண்டும். ராக்கரின் அச்சிலுள்ள ஊசி பேரிங்குகள் கூண்டில்லாதவை. கடினமான ஸ்பிரிங்கின் பாரத்தில் உதிர்ந்து ஆயிலில் கலந்த கேஸ்கள் உண்டு. ஆகவே வேறு வகை பேரிங் போடுகிறார்கள். டைமிங் செயினும் ஆயில் பம்பும் கேமுக்குப் போகும் வழியிலேயே இருப்பதால், அவற்றை அப்போது மாற்றாமல் வேறெப்போது மாற்றுவது?

எஞ்சினுக்கு வெளியே

ஓவர்லேப் கூடிய எஞ்சினில் எரியாத காற்று எக்ஸாஸ்ட்டுக்குள் நழுவிவிடுகிறது. அங்குள்ள ஆக்ஸிஜன் சென்ஸார் அதைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று தவறாக முடிவு செய்ய, கணினி மேலும் பெட்ரோலைக் கொட்டுகிறது. ஆகவே டியூனிங் ஓர் அலங்காரம் அல்ல, அவசியம். ஆட்டோமேட்டிக் காரில் டார்க் கன்வெர்ட்டரும் கேமோடு மாறவேண்டியதாகிறது. கீழ் வேகத்தில் பலம் குறைந்த எஞ்சினைச் சுமார் 3,000 சுற்று வரை தடையின்றி எழும்ப விடாவிட்டால், புதுக் கேம் போட்ட கார் சிக்னலிலிருந்து பழைய காரைவிட மெதுவாகக் கிளம்பும். கை கியர் காரில் இந்தச் செலவு இல்லை. சட்டம் வேறு இருக்கிறது: 1970-ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்துக்குப் பின் அமெரிக்காவில், விசேஷமாகக் காற்றுவள வாரியத்தின் விலக்கு ஆணை கேட்கும் கலிபோர்னியாவில், பெரிய கேம்களில் பலவற்றைப் பந்தயத்துக்கு மட்டும் என்று எழுதித்தான் விற்கிறார்கள்.

மாறும் கேம்

கேள்வியே காலாவதி ஆகிவிட்டது என்பாரும் உளர். 1980-இல் ஆல்ஃபா ரோமியோ கேமின் வேளையை ஓட்டத்திலேயே மாற்றிக் காட்டியது. 1989-இல் ஹோண்டா இன்டெக்ராவில் தாழ்ந்த வேகத்துக்கு ஒரு லோப், உயர்ந்த வேகத்துக்கு ஒரு லோப் என்று இரண்டையும் ஒரே கேமில் வைத்து, 1.6 லிட்டரில் 160 குதிரைசக்தி எடுத்தது. சமரசமே வேண்டாத கேம் என்ற கனவுக்கு இவை மிக அருகே வந்தன. ஆனால் வேளையை மட்டும் மாற்றும் ஏற்பாட்டில் டிகிரி மாறுவதில்லை. ஆகவே கேம் மாற்றும் ஆசை அழியவில்லை, வேலை மட்டும் கூடிற்று. 2014 கார்வெட்டின் எல்.டி.1 எஞ்சினில் கேம் முன்னும் பின்னும் நகர்வதால், பெரிய கேம் போடுவோர் வால்வு பிஸ்டனில் மோதாதபடி அந்த நகர்ச்சிக்கு வரம்பு கட்டவேண்டியிருக்கிறது. உயரழுத்தப் பெட்ரோல் பம்பையும் அதே கேமின் ஒரு லோப்தான் இயக்குகிறது என்பதால், கேமைத் தேர்வது பெட்ரோல் அளவைத் தேர்வதும் ஆகிவிட்டது.

தீராமல் நிற்பவை

இடைக்கோணத்துக்குப் பொதுச் சூத்திரம் உண்டா என்பது இன்னும் தீரவில்லை; அலைகளைக் கணினியில் கணித்துப் பார்க்கும் முறைகள் வளர்ந்த பின்னும், ஒரே எஞ்சினுக்கு இரண்டு அநுபவசாலிகள் நான்கு டிகிரி வித்தியாசத்தில் கேம் எழுதிக் கொடுப்பது சகஜமாயிருக்கிறது. வால்வை வெகு வேகமாகத் திறக்கும் செங்குத்தான லோப்கள் லிஃப்டரின் ஆயுளை எவ்வளவு குறைக்கின்றன என்பதில், விற்பவர் சொல்வதும் கழற்றிப் பார்ப்பவர் சொல்வதும் ஒத்துவருவதாகத் தெரியவில்லை. ஹைட்ராலிக் லிஃப்டரா, கெட்டியான லிஃப்டரா என்ற பழைய வழக்கு முடிந்துவிட்டதென்று எண்ணியிருந்தபோது, 2023 கார்வெட் இஸட்-06-இன் 5.5 லிட்டர் எஞ்சின், ஹைட்ராலிக்கைக் கைவிட்டு 8,400 சுற்றில் 670 குதிரைசக்தி தந்து அதை மறுபடி திறந்துவிட்டது.

ரஸ்தாவில் அன்றாடம் ஓடும் எல்.எஸ்.3 ஒன்றுக்கு, இன்லெட் 230 டிகிரியைத் தாண்டாமலும் இடைக்கோணம் 112-க்குக் குறையாமலும் ஒரு கேமைத் தேர்ந்து, முதல் பணத்தை இரட்டை ஸ்பிரிங்கிலும் அளந்தெடுத்த புஷ் ராடிலும், அடுத்ததை டியூனிங்கிலும் போடுவது, இன்று கிடைக்கும் சாட்சியங்களின்படி நியாயமான திட்டமாகத் தோன்றுகிறது. பட்டியலில் பலர் மறந்துவிடும் ஓர் அற்பப் பொருளையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். கிராங்கின் முன்னுனியில் பாலன்ஸரை இறுக்கிப் பிடிக்கும் பெரிய போல்ட், முறுக்கும்போதே நீண்டு கொடுக்கும்படி செய்யப்பட்டது. அந்தப் பாலன்ஸருக்குச் சாவியும் கிடையாது, போல்ட்டின் இறுக்கம் ஒன்றே அதற்குப் பிடிப்பு. ஆகவே ஒரு முறை கழற்றிய பழைய போல்ட் மறுபடி உதவாது.